வாழ்க்கை மாறப்போகிறது, எப்படி ஜெபிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது வேலை, கல்யாணம், ஊர் மாற்றம், முதல் குழந்தை, பணி ஓய்வு, பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்புவது, அப்பா அம்மாவின் உடல்நிலை. இப்படி ஏதாவது ஒன்று முன்னால் வந்து நிற்கும்போது "ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி என்று யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அந்த "எப்படி"யைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வேதம் வாசித்து ஜெபிக்கிற கிறிஸ்தவர்களை மனதில் வைத்து எழுதியது, அதனால் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வரும்.

தினமும் ஜெபிக்கிறேனே, மாற்றத்துக்கென்று தனியாக எதற்கு?

தினமும் ஜெபிக்கிறீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது. ஆனால் பெரிய மாற்றம் ஒன்று நெருங்கும்போது முதலில் கைவிட்டுப்போவது அந்த வழக்கம்தான், கவனித்திருப்பீர்கள். ஆயிரம் வேலை, ஆயிரம் போன், தூக்கம் குறைவு, ஜெபமோ "ஆண்டவரே, இது நல்லபடியாக முடியட்டும்" என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிடுகிறது. அந்த வரியில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதில் காரியம்தான் இருக்கிறது, அதற்குள் போகப்போகிற நீங்கள் இல்லை.

அன்னாளைப் பாருங்கள் (1 சாமுவேல் 1). பிள்ளை இல்லாத துக்கத்தில் ஆலயத்தில் போய் அழுது ஜெபிக்கிறாள், உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை, ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டிக்கிறான். அவள் விளக்கம் சொல்கிறாள், அவன் ஆசீர்வதித்து அனுப்புகிறான். அப்புறம் அவள் போய்ச் சாப்பிட்டாள், அதற்குப் பிறகு அவள் முகத்தில் துக்கம் இல்லை என்று 18ஆம் வசனம் சொல்கிறது. கவனியுங்கள், இன்னும் கர்ப்பம் ஆகவில்லை, அவளைக் குத்திப் பேசுகிற பெனின்னாள், கணவனின் இன்னொரு மனைவி, அதே வீட்டில்தான் இருக்கிறாள், வெளியே ஒன்றுமே மாறவில்லை, ஆனால் அவளால் சாப்பிட முடிகிறது. இந்தத் தனி நேரத்திடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான். காரியம் எப்படி முடியும் என்பது ஆண்டவர் கையில் இருக்கட்டும், அதற்குள் நடந்து போகப்போகிற ஆள் தயாராக வேண்டும்.

எவ்வளவு நாள் முன்னதாகத் தொடங்க வேண்டும்?

தெரிந்த நாளிலிருந்தே. இந்தக் கேள்விக்கு வேதத்தில் ஒருவர் கிட்டத்தட்ட நாட்குறிப்பே எழுதி வைத்திருக்கிறார், நெகேமியா. மாற்றத்துக்காக ஜெபிக்க நினைக்கிற யாருக்கும் நான் முதலில் வாசிக்கச் சொல்வது அவருடைய முதல் இரண்டு அதிகாரங்களைத்தான்.

அவர் பெர்சிய ராஜா அர்தசஷ்டாவின் பானபாத்திரக்காரர், அதாவது ராஜாவுக்குத் திராட்சரசம் ஊற்றிக் கொடுக்கிறவர், சூசான் அரண்மனையில் நல்ல உத்தியோகம். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது, வாசல்கள் எரிந்துபோயின என்ற செய்தி கிஸ்லேவு மாதத்தில் வருகிறது. உட்கார்ந்து அழுகிறார், உபவாசித்து ஜெபிக்கிறார். ராஜாவிடம் அவர் வாய் திறப்பதோ நிசான் மாதத்தில். நடுவில் ஏறக்குறைய 4 மாதம். அந்த 4 மாதத்தில் என்ன நடந்தது என்று நேரடியாக எழுதவில்லை, ஆனால் ராஜா "உனக்கு என்ன வேண்டும்" என்று கேட்டதும் அவர் கொடுக்கிற பதிலில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. எவ்வளவு காலம் விடுப்பு என்று சொல்கிறார். நதிக்கு அப்புறத்து அதிபதிகளுக்கு வழிக் கடிதம் கேட்கிறார். ராஜாவின் வனத்துக் காவலாளன் ஆசாப்புக்கு ஒரு கடிதம், மரம் கொடுக்கச் சொல்லி, அந்த மரம் எந்தெந்த வாசலுக்கு, எந்த வீட்டுக்கு என்பது வரைக்கும். காவலாளனின் பெயர் வரை தெரிந்து வைத்திருக்கிறார்! ஜெபித்த மாதங்களில் அவர் யோசித்துக்கொண்டும் இருந்திருக்கிறார். சிலர் ஜெபம் வேறு, திட்டம் போடுவது வேறு, திட்டம் போட்டால் விசுவாசம் குறைவு என்கிறார்கள். நெகேமியாவை வாசித்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

அதனால் உங்களுக்கு 4 மாதம் இருந்தால் 4 மாதம், ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் ஒரு வாரம். ராஜா கேட்ட அந்த நொடியில்கூட, பதில் சொல்வதற்கு முன்னால் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தேன் என்கிறார் (2:4). ராஜா எதிரே நிற்கும்போது எவ்வளவு நீளமாக ஜெபித்திருக்க முடியும்? ஒரு மூச்சு நேரம். அந்த ஒரு மூச்சு ஜெபம் வந்தது, அதற்கு முன்னால் 4 மாத ஜெபம் இருந்ததால்.

காலையில்தான் செய்ய வேண்டுமா?

இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து தனி இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு 1:35 சொல்கிறது, அதை வைத்துக் காலைதான் சரி என்று சொல்பவர்கள் உண்டு. அவரே பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொள்வதற்கு முந்திய இரவு முழுவதும் ஜெபித்தார் (லூக்கா 6:12). தானியேல் ஒரு நாளில் மூன்று வேளை. ஆக, எந்த நேரத்தில் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்களோ, நீங்களும் தூங்கி விழ மாட்டீர்களோ, அந்த நேரம்.

ஆனால் மாற்கு 1:35ஐ அந்த வசனத்தோடு நிறுத்திவிடாதீர்கள், மாற்றத்தைப் பற்றிய விஷயம் அடுத்த வரிகளில்தான் இருக்கிறது. சீஷர்கள் தேடி வந்து "எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள்" என்கிறார்கள். முந்தின நாள் மாலை ஊரே வாசலில் கூடியிருந்தது, அங்கேயே இருந்திருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். அவரோ, அடுத்த ஊர்களுக்குப் போவோம் வாருங்கள், இதற்காகத்தான் புறப்பட்டு வந்தேன் என்கிறார். கூட்டம் ஒன்று கேட்கிறது, அவர் வேறு திசையில் கிளம்புகிறார், இரண்டுக்கும் நடுவில் இருந்தது இருட்டில் தனியாக ஜெபித்த அந்த நேரம். எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொல்கிற காலத்தில் இதை மறக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம்?

15 நிமிடம் போதும். முதல் வாரத்திலேயே ஒரு மணி நேரம் என்று தீர்மானம் போடாதீர்கள், மூன்றாம் நாளே விட்டுப்போகும்.

உட்கார்ந்தாலே மனம் அந்த விஷயத்துக்குத்தான் ஓடுகிறது. ஜெபம் மாதிரியே இல்லை, கவலைப்படுகிற மாதிரிதான் இருக்கிறது. என்ன செய்வது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மனம் ஓடுவதைப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள். அது எங்கே ஓடுகிறதோ அதுதான் அன்றைக்கு நீங்கள் ஜெபிக்க வேண்டிய விஷயம். ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள், சாதாரண நோட்டு போதும். முதல் ஐந்து நிமிடம், எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று எழுதுங்கள், ஒரு பயத்துக்கு ஒரு வரி. "எதிர்காலம்" என்று எழுதினால் பிரயோஜனம் இல்லை. "புது ஆபீஸில் என்னைவிடச் சின்னவர் எனக்கு மேலதிகாரியாக இருப்பார், அவர் முன்னால் கேள்வி கேட்கவே கூச்சமாக இருக்கும்" என்று எழுதுங்கள். "கல்யாணத்துக்கு அப்புறம் அம்மா தனியாகச் சாப்பிடுவாள்" என்று எழுதுங்கள். அந்த அளவுக்கு நுணுக்கமாக. எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் ஆண்டவரிடம் அப்படியே வாய்விட்டு வாசியுங்கள், அழகுபடுத்தாமல்.

அப்படிப் பேசலாமா என்று தயங்குகிறவர்கள் 13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறான் தாவீது, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று கர்த்தரிடமே கேட்கிறான். அதில் பெரிய மரியாதை வார்த்தை ஒன்றும் இல்லை. சங்கீதங்கள் 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிப் புலம்பல்தான். நாமோ சபையில் பாடுவதற்குத் துதி சங்கீதங்களை எடுத்துக்கொண்டு மற்றதைத் தாண்டிப் போய்விடுகிறோம், அப்புறம் வீட்டில் மனசு உடைந்து உட்காரும்போது எந்த வார்த்தையில் ஜெபிப்பது என்று தெரியாமல் நிற்கிறோம்.

கவலைக்கும் ஜெபத்துக்கும் ஒரு வித்தியாசத்தை நடைமுறையில் பார்க்கலாம். கவலையில் நீங்கள் உங்களிடமே பேசிக்கொள்கிறீர்கள், அது சுற்றிச் சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வரும். அதே வாக்கியத்தை "ஆண்டவரே" என்று தொடங்கிப் பாருங்கள், கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதாலேயே அது எங்காவது போய் முடியும். சில நாள் கண்ணீரில், சில நாள் "சரி, நாளைக்கு அவருக்குப் போன் செய்து கேட்டுவிடுகிறேன்" என்ற தெளிவில்.

வேதத்தில் எங்கே வாசிப்பது?

வழக்கமான வாசிப்புத் திட்டம் ஏதாவது வைத்திருந்தால் அதையே தொடருங்கள். அதோடு மாற்றத்துக்கென்று ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அதையே பல நாள் வாசியுங்கள். நிறைய வாசிப்பது இந்த நேரத்தில் அவ்வளவு உதவாது.

ஊர் மாறுகிறீர்கள், பயணம் போகிறீர்கள் என்றால் 120 முதல் 134 வரையுள்ள 15 சங்கீதங்கள். ஆரோகண சங்கீதங்கள் என்று தலைப்பிட்டிருக்கும், பண்டிகைக்கு எருசலேமுக்கு ஏறிப்போனவர்கள் வழியில் பாடினவை என்பார்கள், எல்லாம் சின்னச் சின்னவை, 132 மட்டும் கொஞ்சம் நீளம். 121இன் கடைசி வசனத்தில் வருகிற "உன் போக்கையும் உன் வரத்தையும்" என்பதை வீட்டுச் சாவியை ஒப்படைக்கிற நாளில் வாசித்துப் பாருங்கள். பணி ஓய்வு, முதுமை என்றால் 71ஆம் சங்கீதம். என் பெலன் ஒடுங்கும்போது கைவிடாதேயும் என்று வெளிப்படையாகக் கேட்கிற வயதானவரின் ஜெபம் அது, அதே ஆள் அடுத்த தலைமுறைக்குச் சொல்ல எனக்கு இன்னும் விஷயம் இருக்கிறது என்றும் சொல்கிறார். புதுக் குடும்பத்துக்குள் போகிறவர்களுக்கு ரூத், நாலே அதிகாரம். நீங்கள் விரும்பாத ஊரில் இருக்க வேண்டி வந்தால் எரேமியா 29.

வாசிக்கிற முறைக்கு, 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி எழுதி வைத்த நாலு படிகள் இன்றைக்கும் நல்ல உதவி. வாசி, தியானி, ஜெபி, பிறகு சும்மா இரு. முதல் தடவை முழுதாக வாசிக்கிறீர்கள். இரண்டாம் தடவை ஏதோ ஒரு வார்த்தை உங்களைப் பிடித்து நிறுத்தும், அங்கேயே நின்று அது ஏன் உங்களை நிறுத்தியது என்று யோசிக்கிறீர்கள். பிறகு அதையே வைத்து ஆண்டவரிடம் பேசுகிறீர்கள். கடைசிப் படியில் பேச்சை நிறுத்திவிட்டு அவர் முன்னிலையில் சும்மா உட்காருகிறீர்கள், இரண்டு நிமிடமாவது. நாலாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம், மாற்றத்தின் நடுவில் ரொம்பத் தேவைப்படுவதும் அதுதான், அன்றைக்கு முழுக்க உங்களிடம் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள்.

வாக்குத்தத்த வசனம் ஒன்றை எடுத்து அதையே பிடித்துக்கொள்ளலாமா?

பிடித்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசித்துவிட்டு. மேலே சொன்ன எரேமியா 29ஐயே எடுத்துக்கொள்வோம். அதன் 11ஆம் வசனம், சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்பது, புது வேலைக்கும் தேர்வுக்கும் எல்லோரும் எழுதிக் கொடுக்கிற வசனம். அது பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதத்தில் வருகிறது, அதற்கு முந்தின வசனத்திலேயே 70 வருஷம் ஆகும் என்று இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் பலர் ஊர் திரும்பியிருக்க மாட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் என்ன செய்ய வேண்டும்? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள்.

இது தெரிந்தால் வசனத்தின் பலம் குறைந்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அது கூடுகிறது. நினைத்தது நடக்காத வருஷங்களிலும் தாங்குகிற வசனம் என்று தெரிந்துகொண்டு பிடிக்கிறோம் அல்லவா?

கண்ணை மூடிப் புத்தகத்தைத் திறந்து விரல் வைத்த வசனத்தை ஆண்டவரின் பதிலாக எடுத்துக்கொள்வதைச் செய்யாதீர்கள் என்றே சொல்வேன்.

இதுதான் தேவ சித்தம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அடையாளம் கேட்கலாமா?

கிதியோன் இரவில் களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்ய வேண்டும் என்று அடையாளம் கேட்டான் (நியாயாதிபதிகள் 6), கர்த்தர் பொறுமையாகக் கொடுத்தார். ஆனால் அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது ஏற்கெனவே தெளிவாகச் சொல்லப்பட்டிருந்தது. அவன் தேடினது தைரியம். நாமும் "அடையாளம் காட்டும்" என்று கேட்கும்போது பல நேரம் தைரியத்தைத்தான் கேட்கிறோம், அதை நேரடியாகவே கேட்டுவிடலாமே.

உண்மையிலேயே இரண்டு வழி, இரண்டுமே நல்லவை, எது என்று தெரியவில்லை என்றால், பின்னாளில் இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் கவனித்த ஒரு விஷயம் கைகொடுக்கும். 1521இல் பம்ப்லோனா சண்டையில் குண்டடிபட்டுக் கால் உடைந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த போர்வீரர் அவர். படுத்துக்கொண்டே பகல் கனவு காண்பார். அரண்மனை வாழ்க்கை, வீர சாகசம் என்று ஒரு வகை, கிறிஸ்துவுக்காக வாழ்ந்த பரிசுத்தவான்களைப் போல வாழ்வது என்று இன்னொரு வகை. நினைக்கும்போது இரண்டுமே இனிக்கிறது. நினைத்து முடித்த பிறகு முதலாவது வெறுமையாக விட்டுப்போகிறது, இரண்டாவது முடிந்த பிறகும் உள்ளே சந்தோஷம் தங்குகிறது. இந்த "பிறகு" என்பதைத்தான் நீங்களும் நோட்டில் குறிக்க வேண்டும். ஒரு வாரம், முதல் வழியைத் தேர்ந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு ஜெபியுங்கள். அடுத்த வாரம் இரண்டாவது. ஒவ்வொரு நாளும் ஜெபம் முடிந்து ஒரு மணி நேரம் கழித்து மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு வாரத்து வரிகளையும் சேர்த்து வாசித்தால் பெரும்பாலும் ஏதாவது தெரியும்.

அவர் எழுதி வைத்த இன்னொரு விதி, மனம் சோர்ந்து இருண்டு கிடக்கிற காலத்தில் ஏற்கெனவே எடுத்த நல்ல முடிவை மாற்றாதே என்பது. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் ராஜினாமா கடிதம் எழுதுபவர்களுக்கு இதைச் சொல்வேன், எழுதுங்கள், ஆனால் அனுப்பாதீர்கள்.

ஜெபித்தும் சமாதானம் வரவில்லை. அப்படியென்றால் முடிவு தப்பா?

அவசியம் இல்லை. "சமாதானம் இருந்தால் தேவ சித்தம், பயம் இருந்தால் இல்லை" என்று ஒரு கணக்கு நம்மிடையே புழங்குகிறது, அது நிறையப் பேரைக் குழப்பியிருக்கிறது. நெகேமியா 4 மாதம் ஜெபித்த பிறகும் ராஜாவின் முன்னால் மிகவும் பயந்தேன் என்று எழுதுகிறார், பயந்துகொண்டேதான் கேட்டார். பிடிபடுவதற்கு முன் கெத்செமனே தோட்டத்தில் இயேசு மூன்று தரம் போய் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு 26இல் இருக்கிறது, அவ்வளவு வியாகுலம். அப்புறம் "எழுந்திருங்கள், போவோம்" என்கிறார்.

ஆனால் வேறு ஒரு வகை அமைதியின்மை உண்டு. யாரிடமோ மறைக்கிறீர்கள், ஏதோ ஒரு காகிதத்தில் உண்மை இல்லாததை எழுதியிருக்கிறீர்கள், பழைய சண்டை ஒன்றைத் தீர்க்காமல் கிளம்புகிறீர்கள். அதற்கு ஜெபத்தைக் கூட்டினால் போதாது, போய்ச் சரிசெய்ய வேண்டும்.

ரொம்பக் களைப்பு. உட்கார்ந்தால் தூக்கம்தான் வருகிறது. குற்ற உணர்வாக இருக்கிறது.

தூங்குங்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, 1 இராஜாக்கள் 19இல் கர்த்தர் எலியாவுக்குச் செய்ததே அதுதான். தன்னைக் கொல்லத் துடித்த ராணி யேசபேலுக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லித் தூங்கிவிட்டான். தேவதூதன் தட்டி எழுப்பினான், எதற்கு? பிரசங்கம் பண்ண இல்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டான், மறுபடி படுத்தான். இரண்டாம் தரமும் எழுப்பி, நீ போக வேண்டிய பிரயாணம் வெகுதூரம், சாப்பிடு என்றான். அதற்குப் பிறகுதான் ஓரேப் மலை, காற்று, பூமியதிர்ச்சி, அக்கினி, அப்புறம் அமர்ந்த மெல்லிய சத்தம். அந்தச் சத்தத்தைப் பற்றிப் பிரசங்கங்கள் நிறையக் கேட்டிருப்போம், அதற்கு முன்னால் இரண்டு சாப்பாடும் இரண்டு தூக்கமும் இருந்ததை யாராவது சொல்லிக் கேட்பது அபூர்வம்.

களைப்பு தூங்கியும் தீரவில்லை, வாரக்கணக்கில் எதிலுமே பிடிப்பு இல்லை, எலியா மாதிரி உயிர் வேண்டாம் என்ற எண்ணம் வருகிறது என்றால், தாமதிக்காமல் ஒரு மருத்துவரைப் பாருங்கள், நம்புகிற ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அது விசுவாசக் குறைவு இல்லை.

கைக்குழந்தை இருக்கிறது. வீட்டில் தனி அறையே கிடையாது. தனிமைக்கு எங்கே போவது?

"அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி" என்ற வசனம் (மத்தேயு 6:6) மனிதர் பார்க்க ஜெபிக்காதே என்பதற்காகச் சொன்னது, அறை இல்லாதவர்களைக் குற்றப்படுத்த இல்லை. பால் கொடுக்கிற நேரம், துணி மடிக்கிற நேரம், பேருந்தில் ஜன்னலோரம், எல்லாமே ஆகும். ஒரே ஒரு வசனத்தைக் காகிதத்தில் எழுதிக் கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டிவிடுங்கள், நாள் முழுக்க அது ஒன்று போதும்.

மாற்கு 6இல் இயேசுவே சீஷர்களைத் தனி இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், சாப்பிடக்கூட நேரம் இல்லாமல் இருந்தார்கள் என்பதால். படகில் போய் இறங்கினால் ஜனங்கள் கால்நடையாக முந்தி ஓடி வந்து அங்கே நிற்கிறார்கள். திட்டம் போட்ட தனிமை போயிற்று. அவர் அவர்கள்மேல் மனதுருகினார், அன்றைக்கு முழுக்கப் போதித்தார், சாப்பாடும் கொடுத்தார், எல்லோரையும் அனுப்பின பிறகு மலைக்குப் போய் ஜெபித்தார். குழந்தை எழுந்துவிட்டால் எழுந்துவிட்டது. தூக்கிக்கொள்ளுங்கள். மலைக்கு அப்புறம் போகலாம்.

போனில் வேதம் வாசிக்கலாமா?

வாசிக்கலாம், இன்டர்நெட்டை அணைத்துவிட்டு. முடிந்தால் அச்சுப் புத்தகம், அதில் வேறு யாரும் உங்களைக் கூப்பிட முடியாது.

கணவன் மனைவி சேர்ந்து செய்ய வேண்டுமா, தனித்தனியாகவா?

மாற்றம் இருவருக்குமானது என்றால் இரண்டும் வேண்டும். தனியாக இருக்கும்போதுதான் "எனக்கு இந்த ஊர் மாற்றமே பிடிக்கவில்லை" என்று ஆண்டவரிடம் உள்ளதைச் சொல்ல முடியும். சேர்ந்து ஜெபிக்கும்போது ஒரு எச்சரிக்கை, ஜெபத்தின் வழியாக அடுத்தவருக்குப் பிரசங்கம் பண்ணாதீர்கள். "ஆண்டவரே, இவருக்குப் புத்தியைக் கொடும்" என்பது ஜெபம் இல்லை. முதலில் ஆளுக்கு ஐந்து நிமிடம், மற்றவர் குறுக்கிடாமல், எது பயமாக இருக்கிறது என்று சொல்லட்டும். பிறகு ஒருவர் சொன்ன பயத்துக்காக மற்றவர் ஜெபிக்கட்டும். உங்களுக்காக அவர், அவருக்காக நீங்கள். இது ஒன்றைச் செய்தாலே வீட்டில் பேச்சின் தொனி மாறும்.

துணைக்கு இதில் விருப்பம் இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். நீங்கள் உங்கள் நேரத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

உபவாசம் இருக்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. இருந்தால் நல்லது, ஒரு வேளை போதும். சர்க்கரை நோய், கர்ப்பம், தொடர்ந்து மருந்து எடுப்பது என்றெல்லாம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். சாப்பாட்டுக்குப் பதில் ஒரு நாள் செய்தி, சமூக வலைத்தளம் எல்லாவற்றையும் நிறுத்திப் பாருங்கள், சிலருக்கு அதுதான் கஷ்டமான உபவாசம்.

நான் கேட்காமலே வந்த மாற்றம் இது. வேலை போய்விட்டது / நோய் வந்துவிட்டது / அவர் போய்விட்டார். இனி எதற்குத் தயாராவது?

உங்களுக்கு மேலே சொன்ன எதுவும் இப்போதைக்கு வேண்டாம். நோட்டு, நாலு படி எதுவுமே.

88ஆம் சங்கீதத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் ஒரு நம்பிக்கை வரிக்கு வந்து சேரும், இது வராது, இருளில் ஆரம்பித்து இருளிலேயே முடிகிறது. அது வேதத்தில் இருக்கிறது, யாரும் எடுத்துப்போடவில்லை. அப்படிப்பட்ட ஜெபத்துக்கும் ஆண்டவர் முன்னால் இடம் உண்டு. வாசிக்கவும் முடியவில்லை என்றால் யாரையாவது உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லுங்கள். யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேர் செய்த ஒரே நல்ல காரியம், முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தது. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. அப்படிப் பேசாமல் உட்காரக்கூடிய ஒருவர் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள், விளக்கம் சொல்ல வருகிறவர்களைக் கொஞ்ச நாள் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பாதியில் விட்டுப்போய்விட்டது. மறுபடி எப்படித் தொடங்குவது?

விட்ட நாட்களுக்குச் சேர்த்து ஈடுகட்ட வேண்டாம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த உணவான மன்னாவைப் பற்றி யாத்திராகமம் 16இல் என்ன இருக்கிறது? அன்றன்றைக்குப் பொறுக்க வேண்டும், நாளைக்கென்று எடுத்து வைத்தால் புழுத்துப்போகும், ஆறாம் நாள் மட்டும் இரண்டு பங்கு. நேற்றைய மன்னாவை இன்றைக்குப் பொறுக்கச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. இன்றைக்கு ஒரு சங்கீதம் வாசியுங்கள், சின்னதாக ஒன்று.

மாற்றம் நடந்து முடிந்துவிட்டது. இனி நிறுத்திவிடலாமா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள், சொல்லப்போனால் முதல் மாதம்தான் அதிகம் தேவைப்படும். புது வீட்டில் பெட்டி பிரிப்பதற்கு முன்னால் உட்கார ஒரு மூலையைத் தீர்மானித்துவிடுங்கள், அது பிறகு என்றால் நடக்காது. பழைய நேரம் புது வாழ்க்கைக்குப் பொருந்தாமல் போகலாம், வேலைக்குக் கிளம்பும் நேரம் மாறியிருக்கும், குழந்தை தூங்கும் நேரம் மாறியிருக்கும், இரண்டு வாரம் நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு ஒன்றில் நில்லுங்கள்.

நெகேமியா எருசலேமுக்கு வந்ததும் உடனே கூட்டம் கூட்டவில்லை. மூன்று நாள் இருந்தார். பிறகு ராத்திரியில், சில பேரை மட்டும் கூட்டிக்கொண்டு, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் அவர் ஏறியிருந்த மிருகம் போகக்கூட வழியில்லை. அதற்கு அப்புறம்தான் ஜனங்களிடம் "வாருங்கள், கட்டுவோம்" என்கிறார், 52 நாளில் மதில் முடிகிறது. வந்த இடத்தில் முதல் சில நாள் நீங்களும் யாரிடமும் பெரிய அபிப்பிராயம் எதுவும் சொல்லாமல் சுற்றிப் பாருங்கள். புது ஆபீஸாக இருக்கட்டும், மாமியார் வீடாக இருக்கட்டும். பார்த்ததை ராத்திரி நோட்டில் எழுதி ஜெபியுங்கள்.

ஒரு மாதம் ஆனதும் பழைய பக்கங்களைத் திருப்பி, அன்றைக்கு எழுதின பயங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலது நடக்கவே இல்லை, அதற்கு நன்றி சொல்லிக் கோடு போட்டுவிடுங்கள். சிலது நடந்திருக்கும், நடந்தபோது யார் பக்கத்தில் நின்றார்கள், எப்படிச் சமாளித்தீர்கள் என்று அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். நீங்கள் எழுதவே இல்லாத புதுப் பிரச்சினைகளும் வந்திருக்கும், அவை அடுத்த பக்கத்துக்கு.